மாத்திரை கம்பெனி க்யூசி லேபில் இன்டர்ன்ஷிப்: போகலாமா?

லேபுக்கு ஐந்துக்கு ஐந்து. இன்டர்ன்ஷிப்புக்கு ஐந்துக்கு மூன்று. ஒரே இடத்துக்கு எப்படி இரண்டு மார்க் என்றால், அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

எம்.எஸ்சி. வேதியியல் கடைசி செமஸ்டரை, மாத்திரை தயாரிக்கிற ஒரு நடுத்தரக் கம்பெனியின் க்யூசி லேபில், அதாவது தரத்தைச் சோதிக்கும் லேபில் கழித்தேன். பெயர் சொல்ல மாட்டேன். சேரும்போதே ரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். போதாததற்கு நான் குறையும் சொல்லப்போகிறேன். மருந்துகளின் பெயரும் வராது, கீழே வரும் ரிசல்ட் எண்களையும் மாற்றித்தான் தருகிறேன். வேறு கம்பெனிகளுக்குப் போன நண்பர்களிடம் பேசிப் பார்த்தேன், அவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். ஆகவே ஃபார்மசி, பயோகெமிஸ்ட்ரி ஆட்களுக்கும் இது உதவும்.

போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. லேப் எவ்வளவு ஒழுங்கானதோ அவ்வளவுக்கு உங்களை எதையும் தொடவிடாது. அங்கே வெளிவரும் ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒரு நோயாளி விழுங்கப்போகும் மாத்திரையைப் பற்றியது. பயிற்சி முடித்து, தேர்வு எழுதி, தகுதி பெற்ற அனலிஸ்ட் மட்டும்தான் அந்த எண்ணைத் தரலாம். மாணவன் கலக்கிய கரைசலில் வந்த ரிசல்ட்டை வைத்து ஒரு பேட்ச்சை, அதாவது ஒரே தடவையில் தயாரித்த மாத்திரைத் தொகுதியை, வெளியே அனுப்பினால், ஆய்வுக்கு வருகிற அதிகாரி முதலில் அதைத்தான் பிடிப்பார். 'வந்த மறுநாளே மெஷினில் உட்காரவைத்தார்கள்' என்று யாராவது ஒரு லேபைப் புகழ்ந்தால் எனக்கு இப்போது சந்தேகம்தான் வருகிறது. அந்த மாணவர் ரொம்ப அதிர்ஷ்டசாலியாக இருக்க வேண்டும், அல்லது அந்த லேபில் யார் எதைச் செய்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

நான் போன இடத்தில் ஆரம்ப வாரங்கள் முழுக்க எஸ்ஓபி படிப்பு, அதாவது ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த செயல்முறைத் தாள்கள். எடைத் தராசை எப்படித் துடைப்பது, கண்ணாடிச் சாமான்களை எப்படிக் கழுவுவது, கையுறையை எந்தத் தொட்டியில் போடுவது என்று எல்லாவற்றுக்கும் எஸ்ஓபி உண்டு. படித்து முடித்ததும் 'படித்தேன், புரிந்துகொண்டேன்' என்று ஒரு தாளில் கையெழுத்து. ஒரே உட்காரலில் இருபது, முப்பது எஸ்ஓபியை அடுக்கிவைத்துவிட்டு மாலைக்குள் கையெழுத்து வேண்டும் என்றால் அது பயிற்சி இல்லை, சடங்கு. இந்த இடத்தில் ஒரு மார்க்கில் பாதி போனது. ஒரு எஸ்ஓபியைப் படித்த கையோடு அந்த வேலையை யாராவது செய்வதைப் பார்க்கவிட்டிருந்தால் பாதி நேரத்தில் மண்டையில் ஏறியிருக்கும்.

அதற்கப்புறம் தராசு. கல்லூரியில் தராசு என்றால் பொருளை வை, எண்ணைப் படி, அவ்வளவுதான். இங்கே காலையில் யாரும் எதையும் எடை போடுவதற்கு முன்னால் சோதனை எடைகளை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த எடைகளை இடுக்கியால்தான் எடுக்கணும்; விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினாலே ஐந்தாவது தசமத்தில் தெரிந்துவிடும். கதவு திறந்திருந்தால் எண் ஆடும், யாராவது மேஜையில் சாய்ந்தால் ஆடும். பிரிண்ட் அவுட் வந்ததும் தேதி போட்டு, கையெழுத்திட்டு, அந்தந்தப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். என்னுடன் சேர்ந்த இன்னொரு கல்லூரிப் பையன் ஒருநாள் அவசரத்தில் எடையைக் கையுறையின் மேலேயே பேனாவால் குறித்துக்கொண்டான். எங்களைப் பார்த்துக்கொண்ட சீனியர் அனலிஸ்ட் அக்கா திட்டவில்லை. அந்தக் கையுறையைக் கழற்றச் சொல்லி, ஒரு கவரில் போட்டு, பெயரும் தேதியும் எழுதிவைத்தார். "இதுதான் இப்போ ஒரிஜினல் ரெக்கார்டு. இதைத் தூக்கிப் போட முடியுமா, சொல்லு?" என்று கேட்டார். அவனிடம் பதில் இல்லை. அதன்பிறகு நாங்கள் இருவருமே பக்க எண் அச்சடித்து வழங்கப்பட்ட தாளைத் தவிர வேறு எதிலும் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

இந்த அக்காவுக்காகவே லேபுக்கு ஐந்தும் கொடுத்தேன் என்று சொல்லலாம். ஆரம்பத்தில் எல்லோரும் எங்களுக்கு சார், மேடம். நாளாக ஆக அவர் அக்காவானார், இன்ஸ்ட்ருமென்ட் பார்ப்பவர் அண்ணாவானார், மேனேஜர் மட்டும் கடைசிவரை சார்தான்.

மாணவர்களைத் தொடவும் விடக்கூடாது, கற்றுக்கொடுக்கவும் வேண்டும் என்கிற சிக்கலுக்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தார். காலாவதி ஆன சாம்பிள்கள் சிலவற்றுக்கு 'பயிற்சிக்கு மட்டும்' என்று சிவப்பு லேபிள் ஒட்டி, மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, தனி நோட்டில் பதிவுசெய்து எங்களிடம் கொடுத்தார். ஹெச்பிஎல்சி என்பது கரைசலில் உள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் மெஷின்; அதன் சாஃப்ட்வேரில் எங்களுக்கென்று பயிற்சி லாகின். அதில் ஓட்டலாம், பார்க்கலாம். அழிக்க முடியாது, கணினியின் கடிகாரத்தை மாற்ற முடியாது, வேறு ஃபோல்டரைத் திறக்க முடியாது. நான் எந்த நிமிடம் எந்தப் பொத்தானை அமுக்கினேன் என்பதெல்லாம் ஆடிட் ட்ரெயிலில் நிற்கும். மின்னணுப் பதிவுகளுக்கு இப்படியெல்லாம் கேட்கிற அமெரிக்க விதி, 21 சிஎஃப்ஆர் பகுதி 11, வந்தது 1997-ல். அதாவது நான் பிறப்பதற்கு முன்பே. கல்லூரியில் எங்கள் யூவி மெஷினுக்கு இன்றுவரை ஒரே லாகின், பாஸ்வேர்டு மானிட்டர் மேலேயே ஒட்டியிருக்கும்.

அந்தக் காலாவதி சாம்பிளில்தான் நான் தொழிலைக் கற்றுக்கொண்டேன். மொபைல் ஃபேஸ், அதாவது சாம்பிளை ஹெச்பிஎல்சிக்குள் சுமந்துபோகும் கரைப்பான் கலவை, அதன் தயாரிப்பிலிருந்து ஆரம்பித்தோம். அசிட்டோநைட்ரைலையும் தண்ணீரையும் கலந்தால் பாட்டில் கையில் சில்லென்று ஆகும். மெத்தனாலையும் தண்ணீரையும் கலந்தால் சூடாகும். பாடப்புத்தகத்தில் கலப்பு வெப்பம் என்று பக்கம் பக்கமாகப் படித்திருந்தும், பாட்டிலைப் பிடித்தபோதுதான் எனக்கு அது ஒரு விஷயமாகத் தெரிந்தது. இரண்டையும் தனித்தனி உருளையில் அளந்துதான் கலக்கணும். ஒன்றை ஊற்றிவிட்டு மற்றதால் கோடுவரை நிரப்பினால், கலக்கும்போது கன அளவு சுருங்குவதால் விகிதமே மாறிவிடும், பீக் (மெஷின் வரையும் வரைபடத்தில் மருந்துக்கான முகடு) நகர்ந்துவிடும். சில்லென்று இருக்கும்போதே வாயு நீக்கி மெஷினில் வைத்தால், அறைச் சூட்டுக்கு வரும்போது குமிழ் விட்டுப் பம்ப் இருமும். 0.45 மைக்ரான் வடிகட்டி, வாயு நீக்கம், லேபிள், காலாவதித் தேதி, எல்லாம் முடிந்தபிறகுதான் பாட்டில் மெஷின் பக்கம் போகும்.

மிச்சமான அசிட்டோநைட்ரைலைக் கழிவில் ஊற்றினால் மேனேஜர் சாருக்கு முகம் சுருங்கிவிடும். ஏன் என்று அண்ணாதான் சொன்னார். 2008 கடைசியில் உலகம் முழுக்க அசிட்டோநைட்ரைலுக்குத் தட்டுப்பாடு வந்ததாம். அதைத் தனியாக யாரும் பெரிய அளவில் செய்வதில்லை. அக்ரைலோநைட்ரைல் செய்யும்போது கிடைக்கிற துணைப்பொருள் அது. கார், வீட்டுச் சாமான்களின் பிளாஸ்டிக்குக்கும் செயற்கை இழைக்கும் போகிற அக்ரைலோநைட்ரைலின் தேவை பொருளாதார மந்தத்தில் விழுந்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் சமயத்தில் சீனாவில் ஆலைகளை நிறுத்தினார்கள். ஐக் புயலில் டெக்சஸில் ஓர் ஆலை முடங்கியது. கார் விற்காததால் மாத்திரை டெஸ்ட் செய்ய முடியாமல் போகும் என்று எந்தப் பாடத்தில் சொல்லித்தருவார்கள்? சார் அப்போது ஜூனியர் அனலிஸ்டாம், ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு எழுதியவர்.

அடுத்து சாம்பிள் தயாரிப்பு. மாத்திரைகளைப் பொடித்து, எடை போட்டு, 100 மில்லி குடுவையில் இட்டு, கரைப்பான் ஊற்றி, ஒலி அலைகளால் அதிரவைத்துக் கரைக்கும் சோனிகேட்டரில் வைப்போம். வெளியே எடுத்தால் குடுவை வெதுவெதுப்பாக இருக்கும். உடனே கோடுவரை நிரப்ப ஆசையாக இருக்கும், ஏனென்றால் பின்னால் வரிசையில் ஆள் நிற்பார். அக்கா விடமாட்டார். குடுவை 20 டிகிரிக்குக் குறியிடப்பட்டது. 35 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 20-க்கு வரும்போது 100 மில்லியில் ஏறக்குறைய 0.4 மில்லி சுருங்கும். ஏ கிளாஸ் குடுவையில் அனுமதிக்கப்பட்ட பிழையே 0.1 மில்லிக்குள்தான். அவசரப்பட்டவருக்கு அஸ்ஸே, அதாவது மாத்திரையில் உள்ள மருந்தின் அளவு, கூடுதலாக வரும், காரணமும் தெரியாது. ஆகவே குடுவை ஆறும்வரை நிற்க வேண்டும். இந்த நிற்கும் நேரத்தில்தான் நான் நிறையக் கேள்வி கேட்டேன். சிரிஞ்ச் வடிகட்டியில் முதலில் வருகிற சில மில்லியை ஏன் கொட்டுகிறோம் என்பதற்கும் அப்போதுதான் பதில் கிடைத்தது: வடிகட்டித் தாளே கொஞ்சம் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், அது நிறைந்த பிறகு வருவதுதான் உண்மையான கரைசல்.

ஓட்டும் வரிசையும் எனக்குப் புதிது. முதலில் மருந்து இல்லாத பிளாங்க், பிறகு மருந்தின் அளவு முன்பே தெரிந்த ஒரே ஸ்டாண்டர்டைத் திரும்பத் திரும்ப ஐந்து அல்லது ஆறு முறை. அவற்றின் பீக் பரப்புகளுக்கு இடையில் ஆர்எஸ்டி, அதாவது சிதறல் அளவு, பெரும்பாலும் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சாம்பிளைத் தொடவே கூடாது, சிஸ்டம் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். கல்லூரியில் எங்களுக்கு மெஷின் ஆன் ஆனாலே தயார்தான். எல்லாம் முடிந்தபிறகு காலத்தை (column, ஹெச்பிஎல்சியில் பொருட்களைப் பிரிக்கும் குழாய்) கழுவுவதில்கூட ஒழுங்கு உண்டு. ஃபாஸ்பேட் பஃபர் ஓடிய காலத்தில் நேராக நூறு சதவீத அசிட்டோநைட்ரைலை விட்டால் உப்பு உள்ளேயே படிந்து அடைத்துக்கொள்ளும், பிரஷர் எகிறும். முதலில் தண்ணீர் அதிகமுள்ள கலவை, பிறகுதான் கரைப்பான். இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணாவின் குரல் மாறிவிடும். காலம் அவர் சொத்து என்றே நினைப்பு.

மாத்திரை எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று பார்க்கும் டிஸ்சொல்யூஷன் அறையைப் பற்றி மட்டும் தனியாக எழுதலாம். ஆறு கண்ணாடிக் கலங்கள், ஒவ்வொன்றிலும் 900 மில்லி, 37 டிகிரி, அரை டிகிரிதான் இப்படி அப்படிப் போகலாம். உள்ளே துடுப்பு சுற்றிக்கொண்டிருக்கும். ஆறிலும் ஒரே சமயத்தில் மாத்திரையைப் போட்டால் ஒரே சமயத்தில் ஆறிலும் எடுக்க ஆறு கை வேண்டும்; அதனால் சீரான இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் போடுவோம், அதே இடைவெளியில் எடுப்போம். 30 நிமிடத்தில் எடுக்கணும் என்றால் 2 சதவீதம் முன்பின் போகலாம், அதாவது 36 விநாடி. எங்கிருந்து எடுப்பது என்பதிலும் கணக்கு: திரவத்தின் மேல்மட்டத்துக்கும் துடுப்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், சுவரிலிருந்து குறைந்தது ஒரு செ.மீ. தள்ளி. அக்கா ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "ஒண்ணு... ரெடி... எடு" என்று சொல்லச் சொல்ல நான் சிரிஞ்சை இழுப்பேன். வடிகட்டு, குப்பியில் விடு, மூடு, அடுத்த கலம். ஊடே யாராவது கதவைத் திறந்து பேச்சுக் கொடுத்தால் அக்கா திரும்பிப் பார்க்க மாட்டார், இடது கையை மட்டும் உயர்த்துவார். ஒருமுறை மேனேஜர் சாருக்கே அந்தக் கை உயர்ந்தது. சார் பேசாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். கரைசலிலிருந்து முன்கூட்டியே காற்றை நீக்காவிட்டால் மாத்திரையைச் சுற்றிக் குமிழ் ஒட்டும், ஒட்டினால் கரைவது தாமதமாகும். பயிற்சிக்காக ஒரு கலத்தில் மட்டும் வாயு நீக்காத தண்ணீரை விட்டு அக்கா காட்டினார். மாத்திரை முழுக்க முத்து ஒட்டியது மாதிரி இருந்தது, எண்ணிலும் பக்கத்துக் கலத்தைவிடக் குறைவாகத்தான் வந்தது.

ஸ்டெபிலிட்டி சேம்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை, கண்ணாடி போட்டவர்களுக்காக. 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம். மாத்திரைகள் ஆறு மாதம் அந்தச் சூட்டில் கிடந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்கான அறை. ஏசி லேபிலிருந்து நேராக உள்ளே நுழைந்தால் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. லேபிளைத் தப்பாகப் படித்து வேறு பெட்டியை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக, கண்ணாடி தெளியும்வரை நின்று பிறகு எடுக்கச் சொல்வார்கள். கதவை அதிக நேரம் திறந்துவைத்தால் அலாரம் அடித்து, அதற்கும் யாராவது காரணம் எழுத வேண்டிவரும்.

இவ்வளவும் கற்றேன் என்றாலும், க்யூசி என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்த ஒரு விஷயத்தில்தான். ஒரு பேட்ச்சின் அஸ்ஸே எல்லைக்கு வெளியே வந்தது. இருக்க வேண்டியது 95.0-லிருந்து 105.0 சதவீதம், வந்தது 106.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியாக இருந்தால் என்ன செய்வோம் என்று உங்களுக்கே தெரியும். கொட்டிவிட்டு மறுபடி செய்வோம், அல்லது பக்கத்து பெஞ்சில் என்ன வந்தது என்று எட்டிப் பார்ப்போம். இங்கே அந்த டெஸ்ட்டைச் செய்த அனலிஸ்ட் அண்ணா முதலில் சொன்னது, "யாரும் எதையும் கொட்டாதீங்க." குடுவைகள், குப்பிகள், மிச்சக் கரைசல் எல்லாம் அப்படியே நின்றன. மேனேஜருக்குத் தகவல் போனது, ஒரு எண் போட்ட படிவம் வந்தது.

"மறுபடி ஒரு தடவை செஞ்சு பார்த்தா வந்துடுமே, அக்கா?" என்று கேட்டேன்.

"வந்துடும். வரலேன்னா இன்னொரு தடவை செய்வே. வர்ற வரைக்கும் செய்வே. கடைசியா வந்ததை மட்டும் எழுதுவே. அதுக்கப்புறம் டெஸ்ட் எதுக்கு?"

பிறகு அவரே சொன்னார். இதே வழக்கம் அமெரிக்காவில் பெரிய கேஸாகவே ஆகியிருக்கிறது. 1993-ல் பார் லேபரட்டரீஸ் என்ற மருந்துக் கம்பெனிக்கும் அரசுக்கும் நடந்த வழக்கில், பாஸ் ஆகும்வரை திரும்பத் திரும்ப டெஸ்ட் செய்வதை நீதிமன்றம் ஏற்கவில்லை. பிறகு 2006-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கென்றே ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது: முதலில் லேபில் பிழை நடந்ததா என்று தேடு, ஆதாரத்தோடு கண்டுபிடித்தால்தான் முதல் ரிசல்ட்டை ஒதுக்கலாம், மறுசோதனை எத்தனை என்பதை முன்கூட்டியே எழுதிவை, நல்லதையும் கெட்டதையும் சராசரி போட்டு மறைக்காதே.

தேடினார்கள். அதே குப்பியை மறுபடி இன்ஜெக்ட் செய்தார்கள், அதே எண் வந்தது, ஆக மெஷின் மேல் குற்றமில்லை. குடுவைகளின் எண்களைச் சரிபார்த்தார்கள், தராசு பிரிண்ட் அவுட்டைப் பார்த்தார்கள், கணக்கை இன்னொருவர் போட்டுப் பார்த்தார். எல்லாம் சரி. ஒப்பிடுவதற்கான மருந்து உள்ள ஒர்க்கிங் ஸ்டாண்டர்டு குப்பிக்கு வந்தபோதுதான் அக்கா நின்றார். அதன் தூய்மை ஈரம் நீக்கிய கணக்கில் கொடுக்கப்பட்டிருந்தது. எடை போடும்போது அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்துக் கழிக்க வேண்டும். பலமுறை திறந்து மூடிய குப்பி அது. கணக்கில் போட்டிருந்தது முன்பு எடுத்த ஈர அளவு, 0.5 சதவீதம். கார்ல் ஃபிஷர் மெஷினில் போட்டுப் பார்த்தால் 2.1.

இந்தக் கார்ல் ஃபிஷர் முறை 1935-ல் வெளியானது, அந்தப் பெயருள்ள ஜெர்மானிய வேதியியலாளர் கண்டுபிடித்தது. தண்ணீர் இருந்தால்தான் அயோடினும் சல்ஃபர் டையாக்சைடும் வினைபுரியும்; அயோடின் எவ்வளவு செலவானதோ அதை வைத்துத் தண்ணீரைச் சொல்லிவிடலாம். முன்பு பிரிடின் போட்டுச் செய்வார்களாம், நாற்றம் தாங்காது, இப்போது இமிடசோல். காற்றில் உள்ள ஈரத்தைக்கூட எண்ணிவிடும் என்பதால் மூடியைத் திறந்து பொடியைப் போட்டு மூடுவது கண் இமைக்கிற வேகத்தில் நடக்கணும். அன்று அக்கா போட்ட வேகத்தில் எனக்கு ஸ்பூன்கூடத் தெரியவில்லை.

ஸ்டாண்டர்டில் நாம் நினைத்ததைவிடத் தண்ணீர் அதிகம் என்றால் மருந்து குறைவு. குறைந்த ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டால் சாம்பிள் கூடுதலாகத் தெரியும். நான் உட்கார்ந்து என் நோட்டில் கணக்குப் போட்டேன்: 106.1, ஏறக்குறைய 104.4-க்கு இறங்கியது. ஆனால் அப்படிக் கணக்கைத் திருத்திவிட்டு பேட்ச்சை அனுப்பிவிடவில்லை. காரணத்தை எழுதி, ஒப்புதல் வாங்கி, புதுக் குப்பி ஸ்டாண்டர்டைத் திறந்து, வேறொரு அனலிஸ்ட் முதலிலிருந்து செய்தார். எல்லைக்குள் வந்தது. வந்தபிறகும் சார் விடவில்லை. எல்லைக்குள் என்றாலும் ஓரத்தில் நிற்கிறதே, ஏன் என்று உற்பத்திப் பிரிவுக்கு ஒரு கேள்வி போனது. அந்தக் குப்பியை வைத்து வேறு எந்தெந்த பேட்ச்சுக்கு ரிசல்ட் கொடுத்தோம் என்று பழைய பதிவுகளையும் புரட்டினார்கள். ஃபைல்களை எடுத்துக்கொடுத்தது நான்தான், அந்த வேலையில் எனக்குச் சலிப்பே வரவில்லை.

சரி, இனி அந்த இரண்டு மார்க் எங்கே போனது என்று பார்ப்போம்.

பெரிய குறை ப்ராஜெக்ட். தலைப்பே கடைசிக் கட்டத்தில்தான் வந்தது. கல்லூரி கேட்பது தரவு, கம்பெனி தர மறுப்பதும் தரவு. கல்லூரி வழிகாட்டி 'குரோமட்டோகிராம் எங்கே, மருந்தின் பெயர் எங்கே' என்கிறார். கம்பெனியின் தர உறுதிப் பிரிவு 'எங்கள் புராடக்ட் பற்றி ஒரு எண்கூட வெளியே போகக் கூடாது' என்கிறது. இரண்டு பேரும் அவரவர் வழியில் சரிதான், நசுங்குவது மாணவன். கடைசியில் அக்கா தலையிட்டு, காஃபீனை வைத்து ஒரு மெத்தடைச் சரிபார்க்கும் வேலையைக் கொடுத்தார். காஃபீன் யாருடைய ரகசியமும் இல்லை. நேர்கோட்டுத்தன்மைக்கு ஐந்து செறிவுகள், துல்லியத்துக்கு மூன்று செறிவுகளில் மும்மூன்றாக ஒன்பது, சோதனை முறைகளைச் சரிபார்ப்பதற்கான ஐசிஹெச் க்யூ2 என்ற சர்வதேச வழிகாட்டுதல் கேட்கிற மாதிரியே செய்தேன். நல்ல ப்ராஜெக்ட்தான், ஆனால் மூச்சு விட நேரமில்லாமல் முடித்தேன். அதை முதல் மாதத்திலேயே கொடுத்திருந்தால் ஏன் இந்த ஓட்டம்? சேருவதற்கு முன்பே இதைக் கேட்டு வாங்குங்கள்: 'ப்ராஜெக்ட் எதில், எந்தத் தரவைக் கல்லூரிக்குக் காட்டலாம்' என்று மின்னஞ்சலில் எழுத்தாக. வாய்ப்பேச்சாக வாங்கினால் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள்.

அடுத்தது எடுபிடி வேலை. கண்ணாடிச் சாமான் கழுவுவதை நான் குறை சொல்ல மாட்டேன். சரியாக அலசாத குடுவையால் வரும் அந்நியப் பீக்கை ஒருமுறை பார்த்துவிட்டால் கழுவுவதும் அனாலிசிஸில் சேர்த்திதான் என்று தெரிந்துவிடும். ஆனால் ஆடிட் வரப்போகிறது என்று தெரிந்ததும் எங்களை முழுதாக ஃபைல் அறைக்கு அனுப்பி, பக்கங்களுக்கு எண் போடவும் நகல் எடுக்கவும் வைத்தார்களே, அதைப் பயிற்சிக் கணக்கில் எழுதியதுதான் எரிச்சல். ஆள் பற்றாக்குறை என்றால் பற்றாக்குறை என்று சொல்லிவிடலாம். ஸ்டைபண்ட் கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எல்லா லேபிலும் ஓர் அக்கா இருப்பார் என்றும் சொல்ல முடியாது. மைக்ரோபயாலஜி பக்கம் போன மாணவியை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவருக்கு ஆள் ஒதுக்காமல், 'யார் ஃப்ரீயா இருக்காங்களோ அவங்ககிட்டக் கேளு' என்று விட்டுவிட்டார்கள். அங்கே யாரும் ஃப்ரீயாக இருந்ததே இல்லை. எனக்குக் கிடைத்தது அக்காவின் நல்ல மனசில் வந்தது, கம்பெனியின் ஏற்பாட்டில் வந்ததல்ல. ஆகவே நேர்காணலில் 'என்னை யார் பார்த்துக்கொள்வார்?' என்று கேளுங்கள், அந்த ஆளை ஐந்து நிமிடம் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். 'பயிற்சி சாம்பிள் தருவீர்களா, தனி லாகின் உண்டா?' என்றும் கேட்டுவிடுங்கள். 'அதெல்லாம் பார்த்துக்கலாம்ப்பா' என்று பதில் வந்தால் எஸ்ஓபியும் ஃபைல் அறையும்தான் என்று புரிந்துகொள்ளலாம். ஆராய்ச்சி மோகத்தோடு போகிறவர்கள், புது மூலக்கூறு, புது வினை என்று கனவு காண்கிறவர்கள், ஆர் அண்ட் டி பக்கம் முயற்சி செய்யுங்கள். க்யூசியில் நேற்று செய்ததை இன்றும் அப்படியே செய்வதுதான் திறமை. எனக்கு அது பிடித்துப்போனது, எல்லோருக்கும் பிடிக்காது.

சான்றிதழ் கதை ஒன்று பாக்கி. ஹெச்ஆரில் கொடுத்த தாளில் நான் ஹெச்பிஎல்சி, கார்ல் ஃபிஷர், டிஸ்சொல்யூஷன், ஜிசி (ஆவி நிலையில் பிரித்து அளக்கும் மெஷின்) ஆகியவற்றில் நேரடி அனுபவம் பெற்றதாக எழுதியிருந்தது. ஜிசி அறைக்குள் நான் எட்டிப் பார்த்ததோடு சரி. ஜிசியை எடுத்துவிடுங்கள் என்றேன். "எல்லாருக்கும் இதே ஃபார்மேட்தான், தம்பி. கூட ஒண்ணு இருந்தா உனக்கு நல்லதுதானே?" என்றார் அங்கிருந்தவர். இன்டர்வியூவில் ஜிசி பற்றிக் கேட்டால் அவரா வந்து பதில் சொல்வார்? அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் அந்தத் தாளை வாங்கி, ஜிசி என்ற எழுத்தின் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் காரணமும் எழுதி, மேனேஜர் சார் வழியாக ஹெச்ஆருக்கே திருப்பி அனுப்பிவிட்டார். புதுச் சான்றிதழ் வர ரொம்ப நாள் ஆனது. வந்ததில் ஜிசி இல்லை, டிஸ்சொல்யூஷனையும் சேர்த்து எடுத்துவிட்டிருந்தார்கள். இன்னொரு முறை திருத்தக் கேட்டு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன்.